கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர்

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளை எல்லோரும் மனசு என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'உளவியலாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தும் பயனில்லை. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ஒருபடி மேலே போய் 'மனசு டாக்டரம்மா' என்பார்கள். "நான் டாக்டர் இல்லீங்க" என்று அவள் திருத்துவாள். "சரிங்க டாக்டரம்மா" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவள் அங்கே வந்த புதிதில், ஒழுகுகிற குழாய்க்கு ஆள் கூப்பிடுகிற மாதிரிதான் அவளைக் கூப்பிட்டார்கள். யாராவது அழுதால், "மேடம், மூணாவது படுக்கை அழுவுது, கொஞ்சம் வந்து நிறுத்துங்க" என்று போன் வரும். அவள் போய் நிறுத்தாமல் உட்கார்ந்து அழ விடுவாள். அதனால் கெட்ட பெயர் வேறு. காலை நேரத்தில் டாக்டரும் இரண்டொருவரும் படுக்கை படுக்கையாகப் போய்ப் பார்க்கும்போது தானும் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, கடைசியில் அனுமதி வாங்கினாள். ஆறு மாதமாக மருந்தாளரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்ததில் கழுத்து நீண்டதுதான் மிச்சம்.

ஆனால் இன்றைக்கு அப்படியில்லை. இன்றைக்கு நடக்கப்போவது அவள் போட்ட திட்டம். காலையிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது வாசலில் காவலாளி சொல்லித்தான் தெரிந்தது.

எட்டாம் படுக்கையில் இருந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் முற்றி, மூச்சு இயந்திரத்தில் போட்டு, பிறகு கழுத்தில் துளையிட்டு அதில் குழாய் வைத்திருந்தார்கள். குழாய் இருப்பதால் குரல் வராது. உதட்டசைவும் கையசைவும்தான் பேச்சு. இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது, சளியும் கரைந்துவிட்டது. இயந்திரத்தைக் கழற்றினால் தானாக மூச்சுவிட வேண்டியதுதான் பாக்கி. அதுதான் நடக்கவில்லை. இரண்டு தடவை கழற்றினார்கள். இரண்டு தடவையும் மனிதர் வியர்த்துக் கொட்டி, கண் பிதுங்கி, நாடி தறிகெட்டு ஓடி, அவசர அவசரமாக மறுபடி மாட்டவேண்டியதாயிற்று.

தலைமை மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவருக்கு இடி என்று பெயர். அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர். "இன்னும் ஒரு தடவை பார்ப்போம். இந்தத் தடவையும் ஆகலைன்னா நீண்டகாலப் பராமரிப்புக்கு அனுப்பிட வேண்டியதுதான். இங்க படுக்கை இல்லாம ஜனங்க வெளியே காத்துக்கிட்டிருக்காங்க."

அந்தப் பராமரிப்பு இல்லம் ரயிலில் அரை நாள் தூரம். இயந்திரத்தோடு அங்கே போனவர்களில் அதைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தவர்களை அந்தப் பிரிவில் யாருக்கும் ஞாபகமில்லை. ஓட்டுநரின் மனைவி ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டுகிறவள். வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. அந்த ஒரு நாளும் ரயிலிலேயே போய்விடும். "அங்க அனுப்பிட்டா அவரு சோறு தண்ணி இல்லாத வீடு மாதிரி ஆயிடுவாருங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் புரிந்தது.

மூன்றாவது முயற்சிக்கு மனசு திட்டம் போட்டாள். முதல் இரண்டு தடவையும் அரைகுறைக் கூட்டம், ஆளாளுக்கு அவசரம், பாதியில் போன் பேசப் போன டாக்டர். மனிதர் தனியாக விடப்பட்டதாக நினைத்துப் பயந்திருப்பார் என்று அவள் முடிவு கட்டினாள். இந்த முறை குழு முழுக்க வரவேண்டும்! எல்லோரும் கட்டிலைச் சுற்றி நிற்க வேண்டும், முகத்தில் சிரிப்போடு. பார்வையாளர் நேரம் இல்லாவிட்டாலும் மனைவியை வரவழைக்க வேண்டும். அவர் கவனத்தை வேறு எதுவும் கலைக்காதபடி திரையை இழுத்துவிட வேண்டும். ஒரு கையை மனைவி பிடித்துக்கொள்ள, இன்னொரு கையை அவள் பிடித்துக்கொள்வாள். ஒருங்கிணைந்த சிகிச்சை என்று புத்தகத்தில் போட்டிருப்பது இதுதானே!

எல்லோரும் வந்தார்கள். இடி வந்தார், அவருடைய உதவி மருத்துவர் வந்தார், பெரிய சிஸ்டர் வந்தார். மூச்சு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் நிபுணர் வந்தார்; அவருக்குக் காத்து என்று பெயர், அவரே வைத்துக்கொண்டது. பிசியோ வந்தாள், உணவு ஆலோசகர் வந்தார், மருந்தாளர் வந்தார். மனசோடு சேர்த்து எட்டுப் பேர். இந்த எட்டுப் பேரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது சாதாரண காரியமில்லை. அவளுக்கு மகிழ்ச்சியில் மூச்சு முட்டியது. பெரிய சிஸ்டர் திரையை இழுத்தார். மனசு ஓட்டுநரின் கையைப் பிடித்து, "நாங்க எல்லாரும் உங்க கூடவே இருக்கோம்" என்றாள்.

காத்து கழுத்திலிருந்து இயந்திரத்தின் குழாயைக் கழற்றினார்.

ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. முந்தைய இரண்டு தடவையைவிட மோசம். நாடி நூற்று நாற்பதைத் தாண்டியது, இயந்திரம் கூவியது, ஓட்டுநர் மனைவியின் கையை உதறிவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மாட்டுங்க, மாட்டுங்க" என்று இடி இடித்தார். மாட்டினார்கள். மனைவி சுவரோரம் போய் நின்றுகொண்டாள். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்று இடி சொல்லிவிட்டுப் போனார். போகும்போது மனசைப் பார்த்து, "நல்ல முயற்சிதான்மா" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

கூட்டம் கலைந்தது. அவள் மட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். காத்து கருவிகளைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தார். "நுரையீரல் நல்லாத்தான் இருக்கு மேடம். நேத்து நான் மெஷின் உதவியைக் கொறைச்சுக் கொறைச்சு ஒண்ணுமில்லாம வச்சிருந்தேன். மனுஷன் பத்திரிகை படிச்சிக்கிட்டு ஜம்முன்னு இருந்தாரு. கழட்டறோம்னு வந்தா மட்டும் இப்படி."

"குழாயைக் கழட்டினதும் பயம் வருது."

"ஆமா, கழட்டினதும்" என்று சொன்ன காத்து, இயந்திரத்தின் திரையைத் தட்டிச் சற்று முன் ஓடிய நாடிக் கோட்டைக் காட்டினார். "இதோ பாருங்க, இந்த இடத்துலதான் கழட்டினேன். இயந்திரமே புள்ளி வச்சிருக்கு."

மனசு குனிந்து பார்த்தாள். புள்ளி இருந்தது. கோடு மலையேறுவது போல ஏறியிருந்தது. ஆனால் ஏற்றம் புள்ளியில் தொடங்கவில்லை.

"சார், இது எங்கேயிருந்து ஏறுது?"

காத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அட! கழட்டறதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சிருச்சே!"

"அப்ப மூச்சு மெஷின் கையிலதானே இருந்துச்சு? அப்புறம் எதுக்கு ஏறணும்?"

"போன தடவை கோடும் இருக்கு, இருங்க." அவர் வேகவேகமாகப் பொத்தான்களைத் தட்டினார். பரபரப்பு அவருக்கும் தொற்றிக்கொண்டது. முந்தைய இரண்டு கோடுகளும் வந்தன. அவற்றிலும் அதே கதை. குழாயைக் கழற்றுவதற்கு முன்பே, நோயாளி பத்திரமாக இயந்திரத்தில் இருக்கும்போதே, நாடி ஏறத் தொடங்கியிருந்தது. இன்றைய கோடுதான் எல்லாவற்றையும்விடச் செங்குத்து.

"அந்த நேரத்துல என்ன சார் நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. நாம வந்தோம்" என்றார் காத்து.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் களைத்துப் போய்க் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை, கையைப் பிடிக்கவுமில்லை. நேராகக் கேட்டாள்.

"ஐயா, நாங்க எல்லாரும் வந்து நின்னப்ப நீங்க என்ன நினைச்சீங்க?"

அவர் கையைத் தூக்கி ஏழாம் படுக்கையைக் காட்டினார். அதில் இப்போது வேறு யாரோ ஒரு கிழவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் விரல்களை ஒவ்வொன்றாகக் குவித்தார். பலர் வந்து சூழ்வது போல. பிறகு திரையை இழுப்பது போலக் கையைக் காற்றில் இழுத்தார். கடைசியாக உள்ளங்கையை முகத்துக்கு மேலே கொண்டுபோய், துணியை இழுத்து மூடுவது போலக் காட்டினார். அதை முடித்துவிட்டு மூன்று விரல்களை நீட்டினார்.

மனசுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர் வந்த பிறகு ஏழாம் படுக்கையில் மூன்று பேர் செத்துப் போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் இதே ஆட்கள்தான் ஓடி வந்து சூழ்ந்தார்கள். இதே பெரிய சிஸ்டர்தான் திரையை இழுத்தார். இந்தப் பிரிவில் எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரு கட்டிலுக்கு வருவது அதற்கு மட்டும்தான்! வேறு எதற்கும் இவர்களுக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

"எங்களைப் பார்த்ததும் உங்களுக்கும் அதுதான்னு…"

அவர் தலையசைத்தார். உதட்டை அசைத்து, அவளுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்: *பொண்டாட்டிய வேற கூப்பிட்டீங்க.*

நேரமில்லாத நேரத்தில் மனைவியை உள்ளே விட்டார்கள். எப்போதும் வராத உணவு ஆலோசகர்கூட வந்தார். எல்லோரும் காரணமில்லாமல் சிரித்தார்கள். இடியே சிரித்தார்! போதாக்குறைக்கு அவள் கையைப் பிடித்து, கூடவே இருக்கிறோம் என்று வேறு சொன்னாள். அன்பென்று அவள் ஒவ்வொன்றாக யோசித்து அடுக்கிய அத்தனையும், சாகப்போகிறவனுக்கு அந்தப் பிரிவில் செய்கிற காரியங்கள். வரிசைகூட மாறவில்லை. மனிதர் மூச்சு முட்டிச் சாகப் பார்க்காமல் வேறென்ன செய்வார்?

அவளுக்கு வெட்கமாக இருந்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் அந்த வெட்கத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய மகிழ்ச்சி கிளம்பி வந்தது. நுரையீரலில் கோளாறில்லை! "ஐயா, நீங்க சாகல. நாங்கதான் தப்பு பண்ணிட்டோம். இருங்க, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள். அந்தப் பிரிவில் ஓடக்கூடாது என்று மூன்று இடத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.

இடி தன் அறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்து சாப்பிட்டு அவரை யாரும் பார்த்ததில்லை. பெரிய சிஸ்டர் ஏதோ கையெழுத்துக்காகக் காத்திருந்தார். மனசு மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள். பின்னாலேயே காத்துவும் வந்து கோடுகளைக் காட்டினார்.

இடி மெல்லுவதை நிறுத்தினார். "அப்போ நான் எமனா?"

"எருமை ஒண்ணுதான் கொறச்சல்" என்று பெரிய சிஸ்டர் வாய்க்குள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை குடுங்க சார். யாருமே வரக்கூடாது. காத்து சார் மட்டும் போதும், அவரு தினமும் அங்கதான் இருக்காரு. பார்வையாளர் நேரத்துல வைப்போம், அவரு சம்சாரம் எப்பவும் வர்ற மாதிரி வரட்டும். திரை வேண்டாம்."

"டாக்டர் இல்லாம கழட்டறதா? ஏதாவது ஆச்சுன்னா?" இடி விளையாடவில்லை. அந்தக் கேள்வி சரியான கேள்விதான், அதை அவளும் ஒப்புக்கொண்டாள்.

"நர்ஸ் மேசைக்குப் பின்னாடி கண்ணாடி இருக்கு சார். அங்கிருந்து நாலு எட்டுல கட்டில். அவரோட எண்ணெல்லாம் அங்க உள்ள திரையிலயும் வருது. நீங்க அங்க இருங்க. நாடி நீங்க சொல்ற அளவைத் தாண்டினா காத்து சார் அந்த நிமிஷமே மாட்டிடுவாரு. ஆனா அவரு உங்களைப் பார்க்கக்கூடாது."

"அவருக்குத் தெரியாம கழட்டறதா?"

"அய்யய்யோ, இல்ல சார். எல்லாத்தையும் சொல்லிடுவோம். எப்ப கழட்டணும்னு அவரே சொல்லட்டும். ஏமாத்தி மூச்சுவிட வைக்க முடியாது."

இடி கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. வண்டியை ரத்து பண்ணமாட்டேன். ஆனா நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

மனசு மறுபடியும் ஓடினாள்.

மறுநாள் அவள் ஓட்டுநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். யார் வரமாட்டார்கள், யார் எங்கே இருப்பார்கள், எந்த எண்ணில் மறுபடி மாட்டுவார்கள், எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார். காத்து இருக்கட்டுமா என்றதற்குத் தலையசைத்தார். மனைவி இருக்கட்டுமா என்றதற்கு, வேறு வழி உண்டா என்பது போல உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தலையசைத்தார்.

"நான் இருக்கட்டுமா?"

அவர் தயங்கினார். அவளைப் பார்க்காமல், தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினார்.

வேண்டாம் என்கிறார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொல்வது நியாயம்தான். அந்தக் கூட்டத்தைக் கூட்டி வந்தவளே அவள்தானே! ஆறு மாதம் கழுத்தை நீட்டி வாங்கிய இடம் அந்தக் கட்டிலோரம். "சரிங்க ஐயா, நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

நர்ஸ் மேசைக்குப் பின்னால் ஏழு பேர். எட்டாவது ஆள் காத்து, உள்ளே. கண்ணாடி இடுப்பு உயரத்திலிருந்து தொடங்குவதால், ஓட்டுநர் கண்ணில் படாமலிருக்க எல்லோரும் குனிய வேண்டியிருந்தது. இடிக்கு உயரம் அதிகம். குழந்தைகளுக்கு ஊசி போடும்போது உட்கார வைக்கும் சின்ன முக்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்தார்கள். முழங்கால் இரண்டும் காதருகே வந்தன. ஐந்து நிமிடத்தில் மூன்று தடவை எழப் பார்த்தார், மூன்று தடவையும் பெரிய சிஸ்டர் தோளைப் பிடித்து அழுத்தினார். "இருபது வருஷமா இந்த ஆளை உட்கார வைக்க ஆசைப்பட்டேன்" என்று பிசியோவின் காதில் சொன்னார்.

மனைவி வந்தாள். வழக்கம்போல வந்ததும் பையைக் கட்டிலின் காலடியில் வைத்தாள், வழக்கம்போல நாற்காலியைச் சரியில்லை என்று திட்டினாள், வழக்கம்போல அன்றைய வீட்டுச் செய்திகளைத் தொடங்கினாள். அவளிடமும் மனசு எல்லாம் சொல்லியிருந்தாள். "அழக்கூடாதுக்கா, சிரிக்கவும் கூடாது. எப்பவும் பேசற மாதிரி பேசுங்க" என்று. அது அவளுக்கு மிகவும் பிடித்த வேலை.

ஓட்டுநர் காத்துவைப் பார்த்து விரலை உயர்த்தினார். காத்து, தலையணையைச் சரி செய்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் குழாயைக் கழற்றி, ஆக்சிஜன் வரும் மெல்லிய குழலை அந்த இடத்தில் வைத்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மனசு திரையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். நாடி எண்பத்தெட்டு. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. ஓட்டுநரின் நெஞ்சு ஏறி இறங்கியது. தானாக! தொண்ணூற்று மூன்று. அவள் நகத்தைக் கடித்தாள். தொண்ணூற்றொன்று. இறங்குகிறது, இறங்குகிறது! அவள் மருந்தாளரின் தோளை அழுத்திப் பிடித்தாள், அவர் ஐயோ என்றார், எல்லோரும் அவர் வாயைப் பொத்தினார்கள்.

உள்ளே மனைவியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ரொட்டி ஆலையில் புது மேற்பார்வையாளர் மோசம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகி நம்ம சுவர் பாழ். "அப்புறம் என் தம்பி வந்தான். மாமா வீட்டுக்கு வர்றதுக்குள்ள வாசக் கதவுக்குப் பெயிண்ட் அடிச்சு வைக்கறேன்னான். வேணாம்டான்னா கேட்டாத்தானே. அடிச்சிட்டான். கிளிப்பச்சை."

ஓட்டுநரின் புருவம் நெற்றியின் நடுவுக்குப் போனது. கையை வேகவேகமாக ஆட்டினார். உதடுகள் ஏதேதோ சொல்லின, நல்ல வார்த்தைகள் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. "என்னை ஏன் முறைக்கிறீங்க, அவனைக் கேளுங்க. பாக்கி இருந்த பெயிண்டை ஜன்னலுக்கும் அடிச்சிருக்கான்." கணவனும் மனைவியும் சண்டை போட்டார்கள், ஒருத்தி குரலோடும் ஒருவர் குரல் இல்லாமலும். நாடி தொண்ணூற்றைந்துக்கு ஏறி, அங்கேயே நின்றது. மச்சினனால் வந்த ஏற்றம் என்று உதவி மருத்துவர் கிசுகிசுத்தார்.

நேற்று தாங்காத அந்த ஐந்து நிமிடம் எப்போதோ போய்விட்டது. அரை மணியானது. ஒரு மணியானது. இடிக்கு இரண்டு காலும் மரத்துப் போயின. "அவருக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் மூச்சு வாங்குது" என்றார். யாரும் நகரவில்லை. வெளியில் வேலை குவிந்து கிடந்தது. ஆளாளுக்குப் போன் அடித்தது. எடுத்து, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தார்கள்.

காத்து பையிலிருந்து ஒரு சின்ன மூடியை எடுத்தார். கழுத்துக் குழாயின் வாயில் அதைப் பொருத்தினால், விடுகிற மூச்சு தொண்டை வழியாக மேலே போகும், குரல் வரும். பொருத்தினார்.

ஓட்டுநர் ஒரு தடவை இருமினார். தொண்டையைச் செருமினார். நாற்பது நாளாக மண்ணில் புதைத்து வைத்திருந்தது போன்ற ஒரு குரல் கரகரவென்று வந்தது.

"ஜன்னலுக்குமா?"

மனைவி பாதி வார்த்தையில் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழக்கூடாது என்று சொல்லியிருந்ததெல்லாம் காற்றோடு போயிற்று. "இத்தனை நாள் கழிச்சு வாயைத் தொறந்து கேக்கற முத கேள்வி இதுவா? பாவி மனுஷா!" என்று அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இடி எழுந்த வேகத்தில் மேசைப் பலகையில் தலையை இடித்துக்கொண்டார். வலியே தெரியவில்லை அவருக்கு. பிசியோ பெரிய சிஸ்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எல்லோரும் கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். மனசு குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர், துடைக்கக் கை இல்லை.

"யாரும் போகக்கூடாது! சார், நீங்களும்தான்! கெடுத்துடாதீங்க, ப்ளீஸ்!"

நின்றார்கள். இடி உட்பட. உள்ளே ஓட்டுநரும் மனைவியும் என்னவோ பேசிக்கொள்வது மெல்லக் கேட்டது. பிறகு கதவு திறந்து காத்து தலையை நீட்டினார். அவர் கண்ணாடி பனித்திருந்தது.

"மேடம், உங்களை வரச் சொல்றாரு."

"என்னையா?"

"உங்களைத்தான் முதல்ல கேட்டாரு."

அவள் போனாள். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றாள். ஓட்டுநர் அவளைக் கிட்டே வரும்படி விரலை அசைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேசினார். நிறுத்திய இடமெல்லாம் அவர் தானாக இழுத்துக்கொண்ட மூச்சு.

"எங்கேம்மா… அந்தக் கூட்டம்?"

"வெளியே இருக்காங்க ஐயா. நீங்க பயப்படுவீங்கன்னு நான்தான் வரவேணாம்னு…"

"வரச் சொல்லு."

"நிஜமாவா?"

"சுத்தி… நிக்கச் சொல்லு. பார்க்கணும்."

அவள் கதவைப் பார்த்துக் கையசைத்தாள். ஒருவர் பின் ஒருவராகப் பூனை நடையில் வந்தார்கள். வழக்கமாக நடந்தாலே தரை அதிரும் இடி, கால் மரத்துப் போனதால் நொண்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். "கிட்ட" என்றார் ஓட்டுநர். கிட்டே வந்தார்கள். மறுபடியும் எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இடியின் நெற்றியில் புடைத்திருந்த வீக்கத்தில் பார்வை நின்றது.

நாடி ஏறத் தொடங்கியது. நூறு. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினெட்டு. இயந்திரம் கூவியது. இடியின் முகம் வெளிறிவிட்டது. ஒரு அடி பின்வாங்கினார். காத்துவின் கை குழாயை எடுக்கப் போனது.

"கழட்டினதை மாட்டவா?" என்று இடி கேட்டார். திரையைப் பார்த்துக் கேட்கவில்லை. மனசைப் பார்த்துக் கேட்டார்.

அவளும் திரையைப் பார்க்கவில்லை. ஓட்டுநரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது, கண்ணோரம் சுருங்கியது, உதடு இரண்டு பக்கமும் இழுபட்டது. காற்றுப் போதாமல் கீச்கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"விடுங்க சார், சிரிக்கிறாரு" என்றாள்.

இடி மறுபடி ஒரு அடி முன்னால் வந்தார். காத்து குழாயைக் கீழே வைத்தார். ஓட்டுநர் எட்டுப் பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். நிறுத்த முயன்று, இடியின் நெற்றியை மறுபடி பார்த்துவிட்டு, இன்னும் அதிகமாகச் சிரித்தார். இருமல் வந்தது. இருமிவிட்டும் சிரித்தார்.

"போதும், வாயை மூடுங்க. மூச்சு முட்டப்போவுது" என்றாள் மனைவி.